குண்டுமணியின் வால்

குண்டுமணியின் வால் அறுந்து விழுந்தபோது வெள்ளிக்கிழமை காலை மணி பத்தே கால். அது துடிப்பதை நிறுத்தியிருக்க வேண்டியது பத்தே முக்காலுக்கு, பல்லி வளர்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பத்தே முக்காலும் ஆகி, மதியச் சாப்பாடும் ஆகி, சாயங்காலம் கொளத்தூர் முழுக்க மீன் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுகிற நேரமும் ஆகி, மறுநாள் பால்காரர் மணியடித்துவிட்டுப் போன பிறகும் அந்த வால் துடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் யாரும் அலறவில்லை. லோகநாதன் அதை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்துப் போட்டான், அவன் அம்மா ஜெகதாம்பாள் கிண்ணத்தைச் சாமி அலமாரிக்குக் கீழே நகர்த்தி வைத்தாள், மருமகள் எழிலரசி வழக்கம்போல் இட்லி ஊற்றினாள்.

அது மீன் வீடு. லோகுவின் தாத்தா காலத்திலிருந்து அலங்கார மீன்தான் தொழில். மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டிகள், கூடத்தில் கண்ணாடித் தொட்டிகள், மாடிப்படிக்குக் கீழே ஃபைட்டர் மீன்கள் தனித்தனியாய் அடைபட்ட பாட்டில்கள், போதாததற்கு எழிலும் லோகுவும் படுக்கிற அறையில் ஜன்னலை அடைத்து நிற்கிற ஆறடித் தொட்டி ஒன்று. அதனால் கல்யாணமாகி வந்த நான்கு வருஷமாய் அவள் வெளிச்சத்தைப் பச்சையாகத்தான் பார்த்திருக்கிறாள், வெயிலா மழையா என்று தெரிய வாசல்வரை வந்தாக வேண்டும். அந்த வீட்டில் யாரும் அவளை அடித்ததில்லை, கை நீட்டிப் பேசியதுகூட இல்லை. வாலாஜாபாத்தில் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, நடந்து காட்டச் சொல்லி, திரும்பி நிற்கச் சொல்லி, முழங்காலைத் தொடுகிற பின்னலைக் கையில் தூக்கி எடை பார்த்த ஜெகதாம்பாள், "இந்த முடிக்காவே எடுக்கலாம் பொண்ண" என்று சொன்னது இன்றைக்கும் இரண்டு ஊரிலும் பேச்சு. அன்றிலிருந்து தினமும் காலையில் மருமகளைக் காலடியில் உட்காரவைத்து அவளே பின்னிவிடுவாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு இறுக்கிப் பின்னுவாள், "ஆடாதடி, கொஞ்சம் இரு" என்பாள், அது பாசம் என்று எழிலுக்கும் தெரியும்.

மீனில் போட்டி அதிகமாகிவிட்டது என்று லோகு பெங்களூர்க்காரர் ஒருவரிடமிருந்து ஒரு ஜோடி சிறுத்தைப் பல்லி வாங்கி வந்தான். நம் வீட்டுப் பல்லி மாதிரி சுவரில் ஏறத் தெரியாது அவற்றுக்கு. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, சிமிட்டுகிற கண், தின்ற கொழுப்பையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிற தடித்த வால். ஆணுக்குத் துரை என்று பெயர் வைத்தவன் லோகு, பெண்ணுக்குக் குண்டுமணி என்று வைத்தவள் எழில். குண்டுமணியின் பெட்டியை அவள் சமையலறையிலேயே வைத்துக்கொண்டாள். புழுக்களைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி ஊட்டினாள், பருப்பு நிறுக்கிற தராசில் வாரம் ஒருமுறை நிறுத்தாள், முட்டையிடுகிற எடைக்கு அது வருவதற்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் அடுப்புக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் குண்டுமணிக்குத்தான் அவள் பாடம் ஒப்பித்தாள், ஏனென்றால் குரூப் ஃபோர் பரீட்சைக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள், மனிதர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டிருந்தார்கள்.

அந்த வாரம் புதன்கிழமைதான் தபாலில் உத்தரவு வந்தது. உத்திரமேரூர் தாலுகா அலுவலகம், இளநிலை உதவியாளர், அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை அலுவலக நேரம் முடிவதற்குள் பணியில் சேராவிட்டால் உத்தரவு ரத்து. எழில் அதைக் குளியலறையில் வைத்து நான்கு முறை படித்தாள், அங்கேதான் தொட்டி கிடையாது.

"போம்மா, யாரு வேணான்னா?" என்றாள் ஜெகதாம்பாள். "இந்தப் பல்லிங்க ஜோடி சேரட்டும். நீதான அதைப் பாத்துக்குற. அப்புறம் மகாராணியாட்டம் போ."

ஜோடி சேர்ப்பது பற்றி எழில் கைபேசியில் தேடித் தேடிப் படித்திருந்தாள். லோகுவிடம் சொன்னாள்: "ஏங்க, ஆணைத்தான் தூக்கிப் பொண்ணோட பெட்டியில வுடணுமாம். அதுக்குப் பழகின எடமா இருந்தாத்தான் பயப்படாதாம். கூடவே நின்னு பாக்கணுமாம், சண்டைன்னா உடனே பிரிச்சிடணுமாம்."

"ஃபைட்டருக்கு எப்படிச் செய்யறோம்? பொட்டையப் பாட்டில்ல போட்டு ஆணோட தொட்டிக்குள்ள வெப்போம், ரெண்டும் பாத்துக்கும், அப்பால தொறந்து வுடுவோம். மூணு தலைமுறையா கொளத்தூரே அப்படித்தான் செய்யுது."

"இது மீனில்லீங்க."

தீர்ப்புச் சொன்னவள் ஜெகதாம்பாள். "பொண்ணுதான்டா மாப்ள வூட்டுக்குப் போவணும். மாப்ள எங்கனாச்சும் பொட்டியத் தூக்கினு பொண்ணு வூட்டுக்குப் போவானா? நல்லாவா இருக்கும்?"

நல்லாயிருக்காதுதான். ஆகவே வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, குண்டுமணியின் பெட்டிக்கு மஞ்சள் தொட்டு வைத்து, குண்டுமணியைத் தூக்கித் துரையின் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டார்கள். பார்க்க வசதியாய் இருக்கட்டுமென்று லோகு துரையின் பெட்டியிலிருந்த கொட்டாங்குச்சியையும் எடுத்துவிட்டான். ஒளிந்துகொள்ள அந்தப் பெட்டியில் அது ஒன்றுதான் இடம். துரை வால் நுனியைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு வந்து கழுத்தைக் கவ்வப் பார்த்தது. குண்டுமணி ஒரு மூலைக்கு ஓடியது, அங்கேயும் கண்ணாடி, அடுத்த மூலைக்கு ஓடியது, அங்கேயும் கண்ணாடி.

"எடுத்துடுங்க" என்றாள் எழில்.

"கொஞ்ச நேரம் வுடு, பழகிடும்" என்று லோகு மூடியை அழுத்திப் பிடித்தான்.

கல்யாணமான முதல் மாதம் எழில் ஊருக்குப் போன் செய்து அழுதபோது அவள் அப்பாவிடம் இதே வார்த்தைகளைத்தான் இந்த வீட்டிலிருந்து சொன்னார்கள், கொஞ்ச நாள் விடுங்க, பழகிடும் என்று. அவள் லோகுவின் கையைத் தள்ளிவிட்டு மூடியைத் திறப்பதற்குள் துரை வாலைக் கவ்விவிட்டது, குண்டுமணி வாலை அதனிடமே விட்டுவிட்டது. துரை துடிக்கிற வாலைப் பார்த்தபடி அசையாமல் நின்றது, எழில் குண்டுமணியை அள்ளி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ரத்தம்கூட ஒரு பொட்டுக்கு மேல் வரவில்லை.

வால் நிற்கவில்லை என்பது முதலில் எதிர்வீட்டுச் சொர்ணா அக்காவுக்குத் தெரிந்தது. மீனுக்குப் புழு வாங்க வந்தவள் கிண்ணத்தைப் பார்த்து, "ரெண்டு நாளா ஆடுதா? நல்லாத்தான் இருக்குது" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சும்மா இருக்க முடியாமல், "துபாய்ல இருக்குற என் பையன் இன்னிக்காச்சும் போன் பண்ணுவானா?" என்று அதையே கேட்டாள். வால் வலது பக்கம் துள்ளியது, மடியில் போன் அடித்தது. அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் என்ன வேண்டும். சுவரில் பல்லி சொன்னாலே விரலை மடக்கித் தரையில் தட்டுகிற ஜனங்கள், வாலே சொன்னால் விடுவார்களா?

தெருவே வந்தது. மூன்றாம் குறுக்குத் தெருவில் டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற வேதாசலம் என்று ஒருவர் இருந்தார், தினசரி காலண்டர் தாள் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருப்பவர், பல்லி விழும் பலனைத் தலையிலிருந்து பாதம்வரை மனப்பாடமாய்ச் சொல்லுவார். அவர் கிண்ணத்தின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "விழுந்தா பலன் இருக்குது, கத்தினா பலன் இருக்குது, வால் துடிக்கிறதுக்கு மட்டும் நம்ம பெரியவங்க எழுதாம வுட்டுட்டாங்க" என்று வருத்தப்பட்டு, தாமே எழுத ஆரம்பித்தார். வலதுபுறம் துள்ளினால் காரியம் ஆகும், இடதுபுறம் துள்ளினால் ஆறப்போட வேண்டும், நுனி சாமி அலமாரியைப் பார்த்தால் விருந்தாளி, சமையலறையைப் பார்த்தால் வாந்திபேதி. பத்தே நாளில் அது காலண்டர் அட்டையின் பின்பக்கம் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கியது. மீனுக்குப் புள்ளிநோய் வருமா என்று கேட்டார்கள், மாநகராட்சித் தண்ணீர் வருமா என்று கேட்டார்கள், தொட்டி வெடித்தவர்கள் யார் கண் பட்டது என்று கேட்டார்கள், வாலும் முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் ஆடியது. செம்பருத்திப் பூ வைத்தார்கள், கிண்ணத்தை மாற்றிப் பித்தளைத் தாம்பாளம் வைத்தார்கள், ஜெகதாம்பாளின் முழங்கால் வலி நின்றுவிட்டது.

பல்லியை மட்டும் யாரும் கேட்கவில்லை. வாலைப் பார்க்க அத்தனை பேர் வந்தார்கள், அந்த வால் யாருடையது, அது எங்கே, பிழைத்துக் கிடக்கிறதா என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. சமையலறைப் பரண்மேல் தன் பழைய பெட்டியில், இரண்டு வாரம் எதையும் தின்னாமல் கிடந்தது குண்டுமணி. எழில் புழுவைக் கிள்ளி அதன் வாயோரம் தடவித் தடவி ஊட்டினாள்.

இனி எழில் எப்படி மாட்டிக்கொண்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். வால் விழுந்த நான்காம் நாள், வேலையில் சேர உடல்தகுதிச் சான்று வேண்டுமென்று அவள் அரசு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுப் போனாள். தெருமுனைத் தண்ணீர் டேங்கைத் தாண்டியிருப்பாள், இங்கே வால் நின்றுவிட்டது. சாதாரணமாய் நிற்கவில்லை, சுருங்கி, கறுத்து, காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி கிடந்தது. ஜெகதாம்பாள் மாரில் அடித்துக்கொண்டாள், லோகு போனைப் போட்டான், சான்று வாங்கிக்கொண்டு அவள் பதறி ஓடி வந்து டேங்கைக் கடந்து தெருவுக்குள் கால் வைத்தாள், வால் துள்ளி எழுந்தது. தற்செயலாய் இருக்கலாமென்று வேதாசலம் மறுபடி சோதித்தார், அறிவியல்பூர்வமாய்ச் சோதித்தார்: எழில் கையில் போனைக் கொடுத்து நடக்கவிட்டு, ரேஷன் கடை வந்தாச்சா, ஆடுது, பிள்ளையார் கோயில் வந்தாச்சா, ஆடுது, டேங்க் தாண்டியாச்சா, நின்னுபோச்சு, திரும்பி வாம்மா, ஆடுது. மூன்று முறை நடந்தாள். மூன்றாம் முறை திரும்பும்போது டேங்க் பக்கத்தில் தெருவின் குறுக்கே யாரோ சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

ஒரு அவசரத்துக்குப் போட்ட கோடுதான். ஆனால் மழையில் அழிந்தால் மறுநாள் புதிதாகப் போட்டார்கள், வெறும் கோடு பார்க்க நன்றாயில்லையென்று பெண்கள் அதன் இருபுறமும் கோலமாவில் தாமரை வரைந்தார்கள், பண்டிகை நாளில் காவிகூடக் கட்டினார்கள். எழில் அந்தப் பக்கம் வந்தால் எல்லோரும் பிரியமாகச் சிரித்தார்கள். "எங்கம்மா போற? எதுனா வேணுமா? சொல்லு, நாங்க வாங்கியாறோம்" என்றார்கள். வேண்டியது எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. காய்கறி வண்டி வாசலில் நின்றது, தையல்காரர் வீடு தேடி வந்து அளவெடுத்தார், அவள் பிரியப்பட்டாள் என்று யாரோ வாலாஜாபாத்துக்கே போய் அவள் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். அம்மாவும் தாம்பாளத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மகள் காதில், "எவ்ளோ மரியாதையா வெச்சிருக்காங்கடி. கெடுத்துக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக் கதவு பூட்டியதே இல்லை. பூட்டியிருந்தால் சாவியையாவது தேடியிருப்பாள்.

வேலை உத்தரவை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. தினமும் சொன்னாள். லோகுவிடம் சொன்னால், "தாராளமாப் போ எழிலு, நானே கொண்டாந்து வுடறேன். இன்னிக்கு மட்டும் வேணாம், மாதவரத்துக்காரங்க வர்றாங்க" என்றான். மறுநாள் சொன்னால் கவுன்சிலர் வீட்டு அம்மா வருகிறார்கள், இன்றைக்கு மட்டும். அதற்கு மறுநாள் சொர்ணா அக்கா மகனுக்கு விசா விஷயம், இன்றைக்கு மட்டும். அமாவாசை, இன்றைக்கு மட்டும். அவன் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு நாளும் உண்மையாகவே யாராவது வந்தார்கள். இப்படி ஒவ்வொன்றாய், இன்றைக்கு மட்டும் இன்றைக்கு மட்டும் என்று இருபத்தைந்து நாள் போய்விட்டது. வேதாசலம் மட்டும், "ஒரு லெட்டர் போடும்மா, கால அவகாசம் குடுப்பாங்க" என்று யோசனை சொன்னார், எழில் போட்டாள், அவகாசம் தருவதற்கில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அதை அவர் வாலிடம் காட்டிக் கேட்டார். வால் இடதுபுறம் துள்ளியது. ஆறப்போட வேண்டும் என்று பலன் எழுதியவரே அவர்தான்.

எழிலுக்கு மூச்சு முட்டியது. இது சும்மா சொல்கிற சொல் இல்லை, அறையில் பச்சை வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும்போது நிஜமாகவே காற்று உள்ளே போகாது, கூடத்து மோட்டார்கள் தொட்டித் தொட்டியாய் மீன்களுக்குக் காற்று ஊதிக்கொண்டிருக்கும், அவளுக்கு மட்டும் கிடைக்காது. வெளியே எல்லோரும் நல்லவர்களாய் இருந்தார்கள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குண்டுமணியின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுவாள்.

பதினேழாம் தேதி புதன்கிழமை மத்தியானம் அப்படி அழுதுகொண்டிருந்தபோதுதான் குண்டுமணிக்குப் புது வால் முளைத்திருப்பதைக் கவனித்தாள். பழையது மாதிரி இல்லை, வரி இல்லை, புள்ளி இல்லை, சின்னப் பூண்டுப் பல் அளவுக்கு மொழுமொழுவென்று ஒரு மொட்டு. பெட்டியின் மூடி சாய்ந்திருந்தது. குண்டுமணி மூடியின் இடுக்கில் மூக்கை வைத்து முட்டிக்கொண்டிருந்தது, இத்தனை நாள் கழித்தும் வழி தேடிக்கொண்டிருந்தது. எழில் கைபேசியை எடுத்து, முன்பே படித்த பக்கத்தை மறுபடி படித்தாள். பல்லி வாலை விடுவது ஏன், விட்ட வால் துடிப்பது ஏன்? பிடித்தவன் துடிக்கிற வாலைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அந்த நேரத்தில் பல்லி போய்விட வேண்டும், அதற்குத்தான். பல்லி போகிறவரை வால் துடிக்கும்.

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். விருந்தாளிகள் சாப்பிடப் போயிருந்தார்கள், வால் தாம்பாளத்தில் தனியாய்த் துடித்துக்கொண்டிருந்தது, செம்பருத்தி இதழ்கள் இரண்டு பக்கமும் சிதறின. இருபத்தேழு நாள். குண்டுமணியை அள்ளி முந்தானையில் மூடிய கை இவளுடையது, ஓடு ஓடு என்று வால் துடித்துக்கொண்டிருந்தது இவளுக்கும் சேர்த்துத்தான். கோட்டைத் தாண்டியதும் அது நின்றது, போய்விட்டாள், இனி ஓய்வெடுக்கலாம் என்று நின்றது. பாவம், வாலுக்கு எவ்வளவு தூரம் தெரியும், ஒரு தண்ணீர் டேங்குவரைதான் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இவள் திரும்பி வந்தாள், அது மறுபடி வேலையை ஆரம்பித்தது. தெருவே கூடி அதைத் தலைகீழாய்ப் படித்து அட்டையில் அச்சடித்து மாட்டியிருந்தது.

"களைச்சுப் போயிருப்பியே" என்றாள் எழில் அதைப் பார்த்து. வாழ்க்கையில் தன்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவள் குளித்து, வெளுத்த நீலப் புடவை கட்டி, சான்றிதழ்களைப் பையில் வைத்து, காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுமணியை வைத்து அதையும் பைக்குள் வைத்து, தலைவாரிக்கொள்ள மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள். கூடத்தில் அப்போதே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பூந்தமல்லியிலிருந்து ஒரு வேன் வருவதாகவும் சொல்லியிருந்தார்கள்.

"அத்தை, நான் இன்னிக்குப் போறேன்."

"போலாம்மா, யாரு வேணான்னா?" ஜெகதாம்பாள் மூன்று கால்களாய் முடியைப் பிரித்தாள். "இன்னிக்கு மட்டும் இரு. பூந்தமல்லிக்காரங்க அவ்ளோ தூரத்துலருந்து வர்றாங்க."

"இன்னிக்குத்தான் கடைசி நாளு."

"ஆடாதடி." ஜெகதாம்பாள் இறுக்கிப் பின்னி மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள்.

"எட்டரை பஸ்ஸ வுட்டா நேரத்துக்குப் போவ முடியாது அத்தை. பின்னினது போதும்."

அவள் எழுந்து நடந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் நகராமல் பார்த்தார்கள். சொர்ணா அக்கா, "எழிலு, ஏம்மா இப்படி" என்றாள், வேதாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். லோகு வாசலில் நின்றிருந்தான், தடுப்பதற்காக நிற்கவில்லை, எப்போதும் அங்கேதான் நிற்பான். எழில் படியில் கால் வைத்தபோது பின்னால் இழுபட்டது. ஜெகதாம்பாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்து, பின்னலின் அடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான்கு வருஷமாய்த் தினமும் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி அது, அதில் அவளுக்கும் பாத்தியதை உண்டு.

"போவாதடி. நீ போனா அது நின்னுடும். நின்னுட்டா எங்கள யாரு பாப்பாங்க?"

எழில் திரும்பிப் பார்க்கவில்லை. இழுக்கவும் இல்லை. பிடரியில் எங்கோ ஒரு இடத்தில், இதுநாள்வரை இருந்ததே தெரியாத ஒரு தசையைத் தளர்த்தினாள், அவ்வளவுதான். பின்னல் கழன்று வந்தது. வலி இல்லை, ரத்தம் ஒரு பொட்டு, முற்றிய வெண்டைக்காயை ஒடித்த மாதிரி சின்னதாய் ஒரு சத்தம். ஜெகதாம்பாள் இரண்டடி பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள், அவள் மடியில் விழுந்த பின்னல் துள்ளியது.

என்ன துள்ளல் அது! பாதி ஆள் உயரத்துக்கு இருந்த பின்னல், மல்லிகைச் சரம் சுற்றியபடி, நடுக்கூடத்தில் எம்பி எம்பி விழுந்தது, தாம்பாளத்தைத் தட்டிவிட்டது, தொட்டிகளில் மீன்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்று பார்த்தன. "எம்மாடியோவ்" என்றாள் சொர்ணா அக்கா. "இது பெரிய பலன்யா" என்று வேதாசலம் பேனாவைத் தேடினார். வாசலில் இருந்தவர்கள் உள்ளே பாய்ந்தார்கள், பூந்தமல்லி வேன் அப்போதுதான் வந்து நின்றது, அதிலிருந்து இறங்கியவர்களும் எழிலை இடித்துக்கொண்டு, "நகரும்மா நகரும்மா" என்று உள்ளே ஓடினார்கள். ஒரே ஒருமுறை லோகு மட்டும் தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தான், பையோடு அவள் நிற்பதை அவன் கண் தொட்டது, பிறகு பின்னலுக்கே திரும்பிவிட்டது. பார்த்தும் விட்டானா, பார்க்கவே இல்லையா என்பது எழிலுக்கு இன்றுவரை தெரியாது.

தெருவில் ஒரு ஆள் இல்லை. கோலத் தாமரைகளை மிதிக்காமல் கோட்டைத் தாண்டினாள். அந்த நேரத்தில் கவிழ்ந்த தாம்பாளத்துக்கு அடியில் குண்டுமணியின் வால் நின்றிருக்கும், கறுத்திருக்கும், அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கழுத்தில் காற்று பட்டது, இத்தனை வருஷமாய்க் காற்றே படாத இடம் அது. செங்கல்பட்டு தாண்டுகிறவரை அவள் ஒரு கையால் பிடரியை மூடியே வைத்திருந்தாள், பயமாயிருந்தது, யாராவது தோளைத் தொட்டு, இன்னிக்கு மட்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பயந்தாள். வழியில் அவள் ஏறிய பஸ் பழுதாகி நின்றது, அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தர் ஒரு அம்மாள், புகைப்படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோல முடி இவ்ளோ இருக்குது?"

"வுட்டுட்டு வந்துட்டேன் மேடம்."

அந்த அம்மாள் புகைப்படத்தைக் கோப்பில் வைத்தார். பேரேட்டைத் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டி, "இங்க கையெழுத்து, இங்க நேரம்" என்றார். எழில் கையெழுத்துப் போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நாற்பது என்று எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் வெயில் நிறத்திலேயே இருந்தது.

பேனாவை மூடவில்லை, போன் அடித்தது. லோகு. பின்னணியில் கூட்டத்தின் இரைச்சல் இல்லை, மோட்டார்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"எழிலு, காலைலருந்து அப்படி ஆடினு இருந்துச்சு, நாங்க யாரும் சாப்பிடக்கூட இல்ல. இப்ப நின்னுபோச்சு. டக்குன்னு. வேதாசலம் சார் மணி பாத்தாரு, கரீட்டா மூணு நாப்பது." அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "எங்க இருக்குற நீ?"

பைக்குள் டப்பா அசைந்தது. எழில் மூடியைத் திறந்துவிட்டாள்.

"வந்து சேர்ந்துட்டேன்" என்றாள்.